பசை காயுற நேரத்துல பாத்திரம் கழுவிடலாம்: வேலை, குடும்பம், நடுவுல கொஞ்சம் மர வேலை

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான்னு எடுத்துக்கிறேன். முழு நேர வேலை, ரெண்டு சின்னப் பசங்க, வீட்டு வேலைல பாதி உங்க பொறுப்பு, இதுக்கு நடுவுல ஆசைப்பட்டு மர வேலை கத்துக்க ஆரம்பிச்சீங்க, ஒரு புக் ஷெல்ஃப் ஏழு மாசமா பாதில நிக்குது, ஞாயித்துக்கிழமை முழுக்க அதுல உக்காந்தா மனைவி முகம் மாறுது, உக்காரலன்னா உங்களுக்கே ஒரு மாதிரி இருக்கு, மத்தவங்க எல்லாம் எப்படித்தான் சமாளிக்கிறாங்க?

நான் ஒரு பதினஞ்சு வருஷமா இத ஹாபியா பண்றேன், இதுல பிழைப்பு நடத்தல. முதல் நாலஞ்சு வருஷம் நானும் "ஒரு நாள் முழுசா ஃப்ரீயா கிடைக்கட்டும், உக்காந்து முடிச்சிடலாம்"னே இருந்தேன். அந்த நாள் வரவே இல்லங்க. அப்படியே வந்தாலும் அன்னைக்குப் பாத்து வீட்ல யாருக்காவது காய்ச்சல் வரும், இல்ல குழாய் ஒழுகும். எனக்கு ரொம்ப லேட்டா புரிஞ்ச விஷயம் என்னன்னா, மர வேலைல கிட்டத்தட்ட பாதி நேரம் நம்ம கைக்கு வேலையே கிடையாது. சும்மா காத்திருக்கணும், அவ்ளோதான். பசை காயணும், வார்னிஷ் காயணும், வாங்கிட்டு வந்த பலகை வீட்டுக் காத்துக்குப் பழகணும். இந்தக் காத்திருக்கிற நேரத்த எல்லாம் வீட்டு வேலைக்கு நேரா கொண்டு வந்து வச்சுட்டா ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்காது. நான் பண்றது மொத்தமும் இதுதான், மத்ததெல்லாம் இதுல இருந்து வர்ற கிளை.

உதாரணத்துக்கு பசைய எடுத்துக்கோங்க. நம்ம சாதாரணமா வாங்குற வெள்ளை பசை, மஞ்சள் பசை ரெண்டுமே பி.வி.ஏ. (பாலிவினைல் அசிடேட்) வகை தான். தடவினதுல இருந்து 5 டு 10 நிமிஷத்துக்குள்ள ஜாயின்ட்ட, அதாவது ரெண்டு கட்டை சேர்ற இடத்த, சேத்து கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கிற கருவி) போட்டாகணும், அதுக்கப்புறம் அரை மணியோ ஒரு மணியோ கிளாம்ப்லயே இருக்கணும், முழு பலம் வர 24 மணி நேரம் ஆகும். இதுல உங்க கை தேவைப்படுறது வெறும் பத்து இருவது நிமிஷம். ஆனா நாம என்ன பண்றோம், ஞாயிறு காலைல எல்லாத்தையும் பரப்பி வச்சு, மத்தியானம் பசை போட்டு, அப்புறம் அது காயுற வரைக்கும் அங்கயே நின்னு பாத்துகிட்டு இருக்கோம், இல்ல மொபைல்ல அடுத்து வாங்கப் போற இழைப்புளி வீடியோ பாக்குறோம். வீட்ல இருக்கிறவங்களுக்கு அது ஆறு மணி நேரம் காணாம போனதா தான் தெரியும், தப்பே சொல்ல முடியாது. அதையே புதன் கிழமை ராத்திரி பசங்க தூங்கினதும் பத்து நிமிஷத்துல ஒட்டி கிளாம்ப் போட்டுட்டு வந்து பாத்திரம் கழுவி, துணி மடிச்சு வச்சுட்டு படுத்தா, வியாழன் ராத்திரி அடுத்த ஜாயின்ட்டுக்கு ரெடி. வாரத்துல நாலு ராத்திரி இப்படிப் பண்ணினா நாலு கட்டம் முடிஞ்சிருக்கும், யாருக்கும் நீங்க காணாம போன மாதிரியே தெரியாது.

ஃபினிஷிங்கும் அப்படித்தான். ஷெல்லாக், அதாவது அரக்குல செய்யுற பாலிஷ், ஒரு மணி நேரத்துக்குள்ளயே அடுத்த கோட் அடிக்கிற அளவுக்கு காஞ்சிடும், தண்ணி கலக்குற பாலியூரித்தேன் ரெண்டு மூணு மணி நேரம், ஆயில் வகைன்னா ஒரு ராத்திரி, எதுவும் சேக்காத ‘ரா’ லின்சீட் ஆயில் (ஆளி விதை எண்ணெய்) நாள் கணக்குல எடுக்கும். டப்பா மேல போட்டிருக்கிறத ஒரு தடவை படிச்சுட்டு, நம்ம நாளுக்கு எது ஒத்து வருதோ அத எடுத்துக்கோங்க. காலைல வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு கோட், ராத்திரி வந்து ஒரு கோட்னு நான் எத்தனையோ சாமான முடிச்சிருக்கேன். ஒரு கோட்டுக்கு எட்டு நிமிஷம் தான் ஆகும், பிரஷ் கழுவுறதுக்குத்தான் அதைவிட அதிகம், அதனாலயே துணில தேய்க்கிற ஃபினிஷ் பக்கம் போயிட்டேன்.

ஆனா துணின்னு சொன்னதும் ஒண்ண சொல்லியே ஆகணும், இது அவசரமா வேலை பாக்குற நம்மள மாதிரி ஆளுங்களுக்குத் தான் ரொம்ப ஆபத்து. லின்சீட் ஆயில் நனைச்ச துணிய சுருட்டி மூலைல போட்டுட்டு படுக்கப் போயிடாதீங்க. அந்த எண்ணெய் காயுறது ஆக்சிஜனோட சேர்ற வேதி வினை, அதுல சூடு வரும், துணி சுருண்டு கிடந்தா அந்த சூடு வெளிய போக வழியில்லாம ஏறி ஏறி தானாவே தீ பிடிச்சிடும், தீக்குச்சியே தேவையில்ல. 1991 பிப்ரவரில அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியாவுல ஒன் மெரிடியன் பிளாசான்னு 38 மாடி ஆபீஸ் கட்டடம் எரிஞ்சது, 22வது மாடில மர பேனல சுத்தம் பண்ணிட்டு போட்டு வச்ச லின்சீட் ஆயில் துணில இருந்து தான் ஆரம்பம், மூணு தீயணைப்பு வீரர்கள் இறந்தாங்க. அதனால துணிய விரிச்சு, ஒத்தையா, வெளிய தொங்க விடுங்க, இல்ல தண்ணி ஊத்தின இரும்பு டப்பால போட்டு மூடி வைங்க. குழந்தை அழுவுதுன்னு ஓடுறப்பவும் இத மட்டும் பண்ணிட்டு ஓடுங்க.

சரி, நேரத்துக்கு வர்றேன். நான் வேலைய மூணா பிரிச்சு வச்சிருக்கேன். சத்தமும் தூசியும் வர்றது, முழு கவனம் கேக்குறது, அரை மனசோட பண்ணக் கூடியது. சர்குலர் சா (வட்ட ரம்ப மெஷின்), ரவுட்டர் (மரத்துல பள்ளம் எடுக்குற மெஷின்), சாண்டர் (உப்புத்தாள் தேய்க்கிற மெஷின்) எல்லாம் முதல் வகை. அது பகல்ல மட்டும் தான், அதுவும் ஒரு நாள் காலைல ஒண்ணரை மணி நேரம், அடுத்த ரெண்டு மூணு வாரத்துக்குத் தேவையான எல்லாத்தையும் மொத்தமா அறுத்து வச்சுடுவேன். ரெண்டாவது வகைன்னா மார்க் பண்றது, ஜாயின்ட் வெட்டுறது, பசை போடுறது, இதுக்கு யாரும் கூப்பிடாத நாப்பது நிமிஷம் வேணும். மூணாவது தான் உங்களுக்குத் தங்கம். உளி தீட்டுறது, கையால உப்புத்தாள் தேய்க்கிறது, முனை மழுக்குறது, ஆயில் போடுறது. வாஷிங் மெஷின்ல ஒரு சுத்து ஓடி முடியுறதுக்குள்ள இதுல ஏதாவது ஒண்ணு முடிஞ்சிடும், மெஷின் கூப்பிட்டா அப்படியே போட்டுட்டு எழுந்திருக்கலாம், ஒண்ணும் கெட்டுப் போகாது.

இந்த வகைய கலந்தா என்ன ஆகும்னு எனக்கு நல்லா தெரியும். சின்னவன் கைக்குழந்தையா இருந்தப்போ ஒரு பெட்டிக்கு நாலு மூலைலயும் பசை தடவிட்டேன், கிளாம்ப் இன்னும் போடல, உள்ள அழுகை. தூக்கி ஆட்டி தூங்க வச்சுட்டு இருவது நிமிஷம் கழிச்சு வந்து பாத்தா பசை மேல ஆடை கட்டிடுச்சு. சேக்கவும் முடியல பிரிக்கவும் முடியல, தட்டித் தட்டி ஒரு மூலை உடைஞ்சே போச்சு. குழந்தை மேல கோபப்பட்டேன், அத நினைச்சு அப்புறம் என் மேலயே கோபம். அதுல இருந்து பசை போடுற அன்னைக்கு வேற ஒருத்தர் பசங்களப் பாத்துக்கிறாங்கன்னு உறுதியானா தான் டப்பாவையே திறப்பேன். அதுக்கு முந்தின நாளே பசை இல்லாம ஒரு தடவை எல்லாத்தையும் சேத்து, கிளாம்ப் எத்தனை வேணும், எந்தப் பக்கம் முதல்லன்னு பாத்து வச்சுடுவேன்.

ராத்திரி களைச்சுப் போயிருக்கிறப்போ மெஷின் பக்கம் போகவே போகாதீங்க. நாள் பூரா மீட்டிங், டிராஃபிக், பசங்களோட ஹோம்வொர்க் எல்லாம் முடிஞ்சு பத்து மணிக்கு டேபிள் சா முன்னாடி நிக்கிற ஆளுக்கு "இந்த ஒரு வெட்டு தானே"ன்னு தோணும். அந்த ஒரு வெட்டுல தான் கட்டை பின்னாடி எகிறும், விரல் போகும். தூக்கம் வந்தா உளி கூட வேணாம், பென்சில் எடுத்து நாளைக்கு வெட்ட வேண்டியத வரைஞ்சு வைங்க போதும்.

கைக்கருவிக்கு மாறிடுங்கன்னு சொல்றவங்க பலர் இருக்காங்க, நானும் பாதி அந்தக் கட்சி தான், ஆனா அவங்க சொல்ற காரணம் எனக்கு ஒத்து வராது. பழமை, தியானம் அதெல்லாம் இருக்கட்டும், எனக்கு முக்கியமா பட்டது சத்தம் தான். கைல பிடிக்கிற சர்குலர் சா 100 டெசிபல் பக்கம் போகும். வேலை பாக்குற இடத்துப் பாதுகாப்ப ஆராயுற அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு சொல்ற கணக்குப்படி 85 டெசிபல்னா நாளைக்கு 8 மணி நேரம் வரை தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறுறப்பவும் அந்த நேரம் பாதியாகும், அப்போ 100 டெசிபலுக்கு வெறும் 15 நிமிஷம். காதுல ஏதும் போடாம பண்ணினா உங்க காதே அவ்ளோ தான் தாங்கும்னா, பக்கத்து ரூம்ல தூங்குற குழந்தைய யோசிச்சுப் பாருங்க. இழுத்து அறுக்குற ஜப்பான் ரம்பம், நல்லா தீட்டின இழைப்புளி, கையால தள்ளிச் சீவுற உளி, இதெல்லாம் தூங்குற பிள்ளைக்குப் பக்கத்துலயே பண்ணலாம். கொட்டாப்புளி வச்சு உளிய அடிக்கிறது மட்டும் விதிவிலக்கு, கைக்கருவின்னாலும் அந்த அடி வீடு முழுக்க கேக்கும், கீழ் வீட்டுக்காரங்களுக்கு இன்னும் நல்லா கேக்கும்.

தூசி பத்தியும் சொல்லிடுறேன். மரத்தூள புற்றுநோய் உண்டாக்குறதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. 1995லயே முதல் பிரிவுல, அதாவது உறுதியா தெரிஞ்ச பட்டியல்ல, சேத்திருக்கு. கண்ணுக்குத் தெரியுற தூள் கீழ விழுந்துடும், தெரியாத நுண்தூசி தான் மணிக்கணக்குல காத்துல நிக்கும், சாண்டர் போடுறப்போ வர்றது பெரும்பாலும் அதுதான். சின்னப் பசங்க இருக்கிற வீட்டுக்குள்ள சாண்டர் ஓட்டாதீங்க, வெளிய எடுத்துட்டுப் போங்க, மாஸ்க் போடுங்க, போட்டிருந்த சட்டைய உதறிட்டு உள்ள வாங்க. இழைப்புளில வர்றது பெரும்பாலும் சுருள் சுருளா சீவல், பெருக்கி எடுத்துடலாம், பசங்களும் அத வச்சு ஒரு மணி நேரம் விளையாடுவாங்க, அது உங்களுக்கு இன்னொரு ஒரு மணி நேரம்.

இப்போ யாரும் சொல்லித் தராத ஒரு விஷயம். விட்டு விட்டு வேலை பாக்குறவங்களுக்கு மரமே எதிரி ஆகும். இன்னைக்கு பலகைய அழகா இழைச்சு நேராக்கி வச்சுட்டு, ஆபீஸ் வேலைல மாட்டி ஒன்றரை மாசம் கழிச்சு வந்து பாத்தா அது வளைஞ்சு படகு மாதிரி இருக்கும். காத்துல ஈரம் ஏற இறங்க மரம் அகலவாக்குல விரியும் சுருங்கும், நீளவாக்குல அவ்வளவா மாறாது, அகலத்துலயும் பலகையோட ரெண்டு முகமும் ஒரே அளவா மாறாது, அதனால தான் வளைவு. முழு நேரமா பாக்குற ஆசாரி இழைச்ச ரெண்டு நாள்லயே ஜாயின்ட்ட அடிச்சு மூட்டிடுவார், அவருக்கு இந்தப் பிரச்சனை அவ்வளவா வராது. நமக்கு வரும். அதனால முதல்ல எல்லாத்தையும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் தடிமனாவே அறுத்து, நடுநடுவுல ஒரே கனத்துல சின்ன ரீப்பர் கட்டை வச்சு அடுக்கிடுங்க, ரெண்டு பக்கமும் காத்து படணும். அந்த வாரம் எத மூட்டப் போறீங்களோ அத மட்டும் கடைசி அளவுக்கு இழைங்க. இது தெரியாம நான் ஒரே பலகைய மூணு தடவை நேராக்கி நேராக்கி கடைசில அது தட்டி மாதிரி மெலிசாப் போச்சு.

மரம் இப்படின்னா, நம்ம ஞாபகம் இன்னும் மோசம். பத்து நாள் கழிச்சு வந்து நின்னா எது முன்பக்கம், எந்த அளவுக்கு வெட்டணும்னு யோசிக்கவே கால் மணி நேரம் போயிடும், நமக்குக் கிடைச்சதே அரை மணி நேரம். அதனால எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி பலகை மேலயே பென்சில்ல எழுதிடுங்க, "அடுத்து: இடது கால் மேல் முனை 2 மிமீ குறைக்கணும்"னு. பாக்க அசிங்கமா இருக்கும், இழைச்சா போயிடும். இன்னொன்னு, ஈஸியான வேலை ஒண்ண வேணும்னே பாதில விட்டுட்டு எழுந்திருங்க, அடுத்த தடவை வந்ததும் யோசிக்காம கை அதுல போயிடும்.

இடமும் நேரம் தான். கருவி எல்லாம் பரண்ல, மேஜை மேல பழைய பேப்பர், பிளக் பாயின்ட் அலமாரிக்குப் பின்னாடின்னு இருந்தா அரை மணி நேரத்துல வேலையே ஆரம்பிக்காது. ஒரே ஒரு பெட்டி வைங்க. ரெண்டு உளி, ஒரு ரம்பம், ஒரு இழைப்புளி, மூலைமட்டம், பென்சில், தீட்டுற கல், அவ்ளோதான், அத கைல தூக்குனா வேலை ஆரம்பம். கருவி மழுங்கி இருந்தாலும் நேரம் போகும். ஒவ்வொரு தடவை முடிக்கிறப்பவும் தோல் பட்டைல பத்து தடவை இழுத்து, லேசா எண்ணெய் தடவி வச்சா அடுத்த தடவை எடுத்ததும் வெட்டும், மொத்தமா தீட்டுற வேலை மாசத்துக்கு ஒரு தடவை வரும். பசங்க இருக்கிற வீடு, பெட்டிக்குப் பூட்டு கட்டாயம், மெஷின் பிளக்க பிடுங்கி வைக்கிறதும்.

மனைவி முகம் மாறுதுன்னு எழுதியிருந்தீங்க. இத நான் கொஞ்சம் நேரடியாவே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க கோபம் மரத்து மேல இருக்காதுங்க, உங்களுக்கு ஒரு ஹாபி இருக்கு, அவங்களுக்கு அந்த நேரத்துல பசங்க மட்டும் தான் இருக்காங்க, கோபம் அதுல. நீங்க ரெண்டு மணி நேரம் எடுத்தா அவங்களுக்கும் ரெண்டு மணி நேரம் கிடைக்கணும். அந்த ரெண்டு மணி நேரம் அவங்க தூங்கலாம், வெளிய போகலாம், சும்மா இருக்கலாம், அது உங்க கணக்குல வராது. அப்போ பசங்க உங்ககிட்ட, "அம்மாட்ட கேளு"ங்கிற வார்த்தை வாய்ல வரக்கூடாது. நான் இத ஆரம்பிச்ச அப்புறம் தான் எங்க வீட்ல அந்த "இன்னைக்கும் அங்கயா"ங்கிற கேள்வி நின்னுச்சு.

அப்புறம் அந்த "இன்னும் பத்து நிமிஷம்". மர வேலை பண்ற எல்லாரும் சொல்ற பொய் இது, சொல்றப்போ நமக்கே அது பொய்னு தெரியாது. பதினொரு மணிக்கு வர்றேன்னு சொன்னா பத்தே முக்காலுக்கு அலாரம் வைங்க, அலாரம் அடிச்சதும் பெருக்க ஆரம்பிச்சிடணும். பெருக்குறதும் உங்க நேரத்துக்குள்ள தான் வரணும், அதுக்குத் தனியா கேக்கக்கூடாது. ரெண்டு மாசம் சொன்ன நேரத்துக்கு வந்து நின்னு பாருங்க, மூணாவது மாசம் அவங்களே "முடிச்சுட்டு வாங்க"ன்னு சொல்ல வாய்ப்பிருக்கு.

வீட்டுக்காக தானே செய்யுறேன்னு சொல்லி நேரம் வாங்குறது ஒரு பொறி, நான் மாட்டியிருக்கேன். பெரியவளுக்கு தொட்டில் செய்யுறேன்னு ஆரம்பிச்சேன், முடிஞ்சப்போ அவ நடக்க ஆரம்பிச்சுட்டா. வாக்குக் கொடுத்துட்டா அது ஹாபி இல்ல, இன்னொரு ஆபீஸ் வேலை, அதுவும் டெட்லைன் தாண்டினது. வீட்டுக்கு அவசரமா ஒரு ஷெல்ஃப் வேணும்னா கடைல வாங்கிடுங்க, வெக்கமே வேணாம். உங்களுக்குன்னு சின்னதா செய்யுங்க, ஒரு பெட்டி, ஒரு முக்காலி. எவ்ளோ மணி நேரம் ஆகும்னு கணக்குப் போடாம எத்தனை தடவை பசை போடணும்னு எண்ணுங்க, நாலு தடவைக்குள்ள முடியுறதா பாத்து எடுங்க, அப்போ ஒரு மாசத்துல முடிஞ்சிடும். கைக்குழந்தை இருக்கிற ஒன்னு ரெண்டு வருஷத்துக்கு கத்தி வச்சு பச்சை மரத்துல கரண்டி செதுக்குறது அருமையான வேலை, மேஜை வேணாம், கரண்ட் வேணாம், தூசியும் கம்மி, பசங்க தூங்கினதும் வாசப்படில உக்காந்து பண்ணலாம். சில மாசம் அதுவும் முடியாது, அப்போ கருவிக்கெல்லாம் எண்ணெய் தடவி பூட்டி வச்சுட்டு நிம்மதியா இருங்க, பலகை அதுபாட்டுக்கு காஞ்சு இன்னும் நல்லாகும்.

இப்போ உங்க ஏழு மாச ஷெல்ஃப். பக்கப் பலகை ரெண்டும் தட்டும் வெட்டி வச்சாச்சு, இன்னும் மூட்டல, பின் பலகை முழு மரம்னு சொன்னீங்க. முதல் ராத்திரி ஒண்ணும் பண்ணாதீங்க, நேரான ஒரு கட்டைய ஒவ்வொரு பலகை மேலயும் வச்சு எது வளைஞ்சிருக்குன்னு பாத்து பென்சில்ல குறிச்சுடுங்க. வளைஞ்சத மட்டும் அடுத்த ரெண்டு ராத்திரில இழைச்சு சரி பண்ணுங்க, லேசா வளைஞ்ச தட்டுன்னா விடுங்க, பள்ளத்துல சொருகினா ஓரளவு நேராயிடும். அப்புறம் பசை இல்லாம ஒரு தடவை சேத்து, குறுக்கு மூலைல இருந்து குறுக்கு மூலைக்கு ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க, ரெண்டும் ஒரே அளவு வந்தா சதுரமா இருக்கு. பசை போடுற நாள மட்டும் மனைவிகிட்ட ரெண்டு நாள் முன்னாடியே சொல்லி ஒரு மணி நேரம் கேட்டு வச்சுக்கோங்க, இந்த சைஸ் ஷெல்ஃபுக்கு இன்னொரு கை கிடைச்சா இன்னும் நல்லது, பெரியவர்கள் யாராவது வீட்ல இருந்தா பிடிக்கச் சொல்லுங்க. பின் பலகைய மட்டும் சுத்தி ஒட்டிடாதீங்க, அது அகலவாக்குல விரியணும், பள்ளத்துக்குள்ள லூஸா விட்டு நடுவுல ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டா போதும்.